டோஸ் கூடிப்போன துப்பாக்கி

இன்னைக்குக் கதையை ஒரு காய்ச்சல் மாத்திரையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

டோலோ 650. கொரோனா நேரத்துக்கு அப்புறம் இந்தப் பேர் தெரியாத வீடு கிடையாது. ஆனா அது ஏன் 650? 600, 700னு ஒரு முழு எண்ணா வச்சிருக்கலாமே? எங்க அப்பா மெடிக்கல் ஷாப் வச்சிருந்தார். ஸ்கூல் படிக்கும்போது ஒருநாள் அவர்கிட்ட இதைக் கேட்டேன். பில் போட்டுக்கிட்டே, தலையைக் கூட நிமிர்த்தாம, "அது பழைய கணக்குடா, பத்து கிரெயின்" என்றார்.

கிரெயின் என்பது ஒரு தானிய மணியின் எடையிலிருந்து வந்த பழைய ஆங்கிலேய அளவு. இன்றைய கணக்கில் சுமார் 65 மில்லிகிராம். பத்து கிரெயின் என்றால் 650. மருந்துக் கடைக்காரர்கள் இந்த அளவை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள், மாத்திரை அட்டையில் மட்டும் அதன் தடம் மிச்சம் இருக்கிறது. இன்னொரு கூட்டம் இன்றுவரை அதைக் கைவிடவே இல்லை. அவர்களும் மருந்தைத்தான் நிறுக்கிறார்கள். வெடிமருந்தை.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எனக்கு எப்பவுமே பிடிக்கும். மருந்து எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு? அதைத் தப்பாகக் கணக்குப் போட்ட ஒரு துப்பாக்கியின் கதைதான் இந்த எபிசோட்.

1840களின் டெக்சாஸுக்குப் போவோம். டெக்சாஸ் அப்போது தனி நாடு. அங்கே குடியேறிய வெள்ளையர்களுக்கும், அந்தச் சமவெளியை ஆண்டுகொண்டிருந்த கமான்சி மக்களுக்கும் இடையில் ஓயாத சண்டை. இதில் கமான்சிகளுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருந்தது. அன்றைய துப்பாக்கி ஒரு தடவைதான் சுடும். மறுபடி சுடணும்னா மருந்து போட்டு, குண்டு போட்டு, குச்சியால இடிச்சுக் கெட்டிக்கணும். திருவிழாவில் அதிர்வேட்டு கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலைன்னு தெரியும். அதை ஓடுற குதிரை மேல உட்கார்ந்து செய்யணும். அந்த இடைவெளியில் ஒரு கமான்சி வீரர் குதிரை மேலிருந்தே அம்பு மேல் அம்பாக எய்துவிடுவார்.

இந்தக் கணக்கை மாற்றியது சாமுவேல் கோல்ட்டின் சுழல் துப்பாக்கி. 1836ல் அவர் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். நியூ ஜெர்சியில் உள்ள பேட்டர்சன் ஊரில் தொழிற்சாலை. ஐந்து அறை கொண்ட ஒரு சிலிண்டர், ஒவ்வொரு அறையிலும் முன்கூட்டியே போட்டு வைத்த மருந்தும் குண்டும், பின்பக்கம் ஒரு சின்ன செம்புத் தொப்பி. தீபாவளித் துப்பாக்கிக்குப் போடுகிற பொட்டு வெடியின் மூத்த அண்ணன் அந்தத் தொப்பி. சுத்தியல் அதில் விழுந்தால் நெருப்பு உள்ளே போகும். யோசனை பிரமாதம், வியாபாரம் படுதோல்வி. 1842ல் கம்பெனி திவால்.

ஆனால் அந்தத் துப்பாக்கிகளில் சில டெக்சாஸ் ரேஞ்சர்கள் கைக்குப் போயிருந்தன. 1844 ஜூன் மாதம் வாக்கர்ஸ் கிரீக் என்று பின்னால் பெயர்பெற்ற இடத்தில், ஜாக் ஹேஸ் தலைமையில் சுமார் 15 ரேஞ்சர்கள் தங்களைவிடப் பெரிய ஒரு கமான்சிப் படையோடு மோதினார்கள். முதல் முறையாக, சுட்ட பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். எதிர்ப்பக்கம் அதை எதிர்பார்க்கவே இல்லை. அன்று ஈட்டி பாய்ந்து படுகாயமடைந்த ரேஞ்சர்களில் ஒருவர் சாமுவேல் வாக்கர்.

இதை வீரக்கதையாகச் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. இந்தத் துப்பாக்கி யாருக்கு எதிராகத் தன் பெயரைச் சம்பாதித்தது என்பதை மறக்கக் கூடாது. அந்த மோதலையே ஒரு சித்திரமாக வரைந்து, கோல்ட் பிறகு தன் பெரிய துப்பாக்கிகளின் சிலிண்டரைச் சுற்றிப் பொறித்தார். விளம்பரம்!

1846ல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர். இப்போது ராணுவத்தில் கேப்டனாக இருந்த வாக்கர், நவம்பர் மாதம் கோல்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்க துப்பாக்கி எங்களைக் காப்பாற்றியது, ஆனா இன்னும் மேம்படுத்தலாம் என்பது சாரம். தொழிற்சாலையே இல்லாமல் உட்கார்ந்திருந்த கோல்ட்டுக்கு அது வரம். இரண்டு பேரும் சேர்ந்து புதிய துப்பாக்கியைத் திட்டமிட்டார்கள். ஐந்துக்குப் பதில் ஆறு அறை. பெரிய குண்டு, .44 கேலிபர். ஒன்பது இன்ச் குழல். குதிரைப்படை வேண்டியது எதிரில் வரும் ஆளை மட்டுமில்லை, அவன் குதிரையையும் சாய்க்கும் பலம். 1847 ஜனவரியில் ஆயிரம் துப்பாக்கிகளுக்கு அரசு ஆர்டர் வந்தது. பருத்தி அரைவை இயந்திரத்துக்குப் பேர் போன எலை விட்னியின் மகன் தன் கனெடிகட் தொழிற்சாலையில் செய்து கொடுத்தார்.

பிறந்தது கோல்ட் வாக்கர். எடை இரண்டு கிலோவுக்கு மேல். வெறும் துப்பாக்கி மட்டும்! ஒரு கையால் நீட்டிப் பிடித்துக் குறி பார்ப்பதை விடுங்க, ரெண்டு பாக்கெட் சர்க்கரையை ஒரு நிமிஷம் அப்படி நீட்டிப் பிடிச்சுப் பாருங்க.

இப்ப நம்ம மாத்திரைக் கணக்குக்கு வருவோம். வாக்கரின் ஒவ்வொரு அறையும் 60 கிரெயின் மருந்து பிடிக்கும். ஆறு டோலோ. ஆறு அறைக்கும் சேர்த்தால் முப்பத்தாறு. இது எவ்வளவு அதிகம்னு புரிய ஒரே ஒரு ஒப்பீடு போதும். பதினாலு வருஷம் கழித்து வந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலாட்படை தூக்கிச் சுமந்த ஸ்பிரிங்ஃபீல்டு நீளத் துப்பாக்கிக்கும் அளவு 60 கிரெயின்தான். தோளில் வைத்துச் சுடும், ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான துப்பாக்கியின் டோஸை, குதிரைச் சேணத்து உறையில் வைக்கும் கைத்துப்பாக்கிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இரும்பு அதைத் தாங்கவில்லை.

சிலிண்டர்கள் வெடித்தன. ஒன்றிரண்டு இல்லை, பழுதுபார்க்கத் திரும்பி வந்தவற்றில் கணிசமானவை சிலிண்டர் கிழிந்து வந்தவை. சுடுபவர் முகத்துக்கு ஒன்றரை அடி முன்னால் அது நடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பின்னுதைப்பு வேற. ஒவ்வொரு சூட்டுக்கும், குழலுக்கு அடியில் இருந்த கெட்டிக்கும் நெம்புகோல் கொக்கியை விட்டுத் தானாகக் கீழே தொங்கும், சிலிண்டர் சுழலாமல் மாட்டிக்கொள்ளும். சண்டை நடுவில்! தோல் வாரால் அதைக் குழலோடு கட்டி வைத்துச் சமாளித்தார்கள்.

எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் என் இடது கட்டைவிரல் ஞாபகம் வரும். ஏழாம் வகுப்பு. மூணு லட்சுமி வெடியைப் பிரிச்சு, மருந்தை ஒரே காகிதத்துல கொட்டிச் சுருட்டி, ஒரு 'சூப்பர் லட்சுமி' பண்ணேன். மூணு மடங்கு மருந்துன்னா மூணு மடங்கு சத்தம், அவ்வளவுதான் என் கணக்கு. திரி எரியும் நேரத்தை நான் கணக்குல எடுக்கவே இல்ல. அப்பா கடையில உட்கார வச்சுக் கட்டுப் போட்டார். கட்டுப் போட்டு முடிச்சுட்டு செமத்தியா ஒரு டோஸ் விட்டார்.

வாக்கர் ஏழாம் வகுப்புப் பையன் இல்லை. போர்க்களம் தெரிந்தவர். கோல்ட்டும் சாதாரண ஆள் இல்லை. பிறகு ஏன் இந்தத் தப்பு?

ஏனென்றால் அன்று உள்ளே என்ன அழுத்தம் உருவாகிறது என்று அளக்க ஒரு கருவியே கையில் இல்லை. சோதனை என்றால், வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பது. உடையவில்லை என்றால் பாஸ். ஆனால் நேற்று தாங்கிய இரும்பு நாளைக்கும் தாங்கும் என்று உத்தரவாதம் இல்லை. அன்றைய இரும்புக்குள் கசடு இழைகள் ஓடும். வெளியே பார்த்தால் தெரியாது. வாக்கர்ஸ் கிரீக் சண்டை நடந்த அதே 1844ல், பிப்ரவரி 28 அன்று, அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் கப்பலில் ஒரு ராட்சத இரும்புப் பீரங்கி பிரமுகர்கள் முன்னிலையில் வெடித்தது. வெளியுறவு அமைச்சரும் கடற்படை அமைச்சரும் உட்பட ஆறு பேர் பலி. ஜனாதிபதி டைலர் கீழ்த்தளத்தில் இருந்ததால் தப்பினார். அந்தப் பீரங்கியின் பெயர் என்ன தெரியுமா? 'சமாதானம் செய்பவன்'.

அந்த விபத்து தாமஸ் ராட்மன் என்ற இளம் ராணுவ அதிகாரியின் மனதைக் குடைந்தது. பீரங்கியை எப்படி வார்ப்பது என்று ஆரம்பித்தவர், 1850களின் இறுதியில் அழுத்தத்தை அளக்க ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். பீரங்கிச் சுவரில் ஒரு துளை, அதில் ஒரு தண்டு, தண்டின் முனையில் கத்தி, கத்திக்கு எதிரே ஒரு செப்புத் தகடு. வெடிக்கும்போது கத்தி தகட்டில் எவ்வளவு ஆழம் பதிகிறதோ அதுதான் அழுத்தத்தின் அளவு. அதை வைத்து அவர் நிரூபித்த விஷயம் முக்கியமானது. எவ்வளவு மருந்து என்பது பாதிக் கேள்விதான். மணி எவ்வளவு பெரிசு என்பது மீதி.

கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதக் கலவை. இதைப் பொடியாக வைப்பதில்லை, ஈரமாக்கி, அழுத்தி, உடைத்து, சலித்து மணி மணியாக்குவார்கள். ஃபில்டர் காபிக்குக் கொட்டை அரைக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. நைசா அரைச்சா டிகாக்ஷன் இறங்கும் விதமே வேற, கொரகொரன்னு அரைச்சா வேற. மணி சின்னதானால் மருந்து வேகமாக எரியும், அழுத்தம் சட்டென்று ஏறும். அதனால் பீரங்கிக்குப் பெரிய மணி, கைத்துப்பாக்கிக்குச் சின்ன மணி. வாக்கர் சிலிண்டரின் மெல்லிய இரும்புச் சுவருக்குள் நடந்தது இதுதான்: சீக்கிரம் எரியும் மருந்து, அதுவும் ஆறு டோலோ அளவுக்கு. குழலோ ஒன்பதே இன்ச். குண்டு வெளியே போன பிறகும் எரிந்து முடியாத மருந்து வாய்க்கு வெளியே தீப்பந்தமாகப் போகும். அதாவது போட்ட மருந்தில் ஒரு பங்கு எதிரியைத் தொடவே இல்லை. பார்க்க நல்லாருக்கும், அவ்வளவுதான்.

வெடித்ததற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். கூம்பு வடிவக் குண்டைச் சிப்பாய்கள் தலைகீழாகக் கெட்டித்தார்கள் என்று. இருக்கலாம். ஆனால் பயன்படுத்தினவன் மேல பழியைப் போடுறது ரொம்ப வசதியான விளக்கம். போர்க்களத்தில் பதற்றத்தோடு ஒருவன் கெட்டிப்பான் என்பதையும் சேர்த்துத்தானே வடிவமைக்கணும்?

சாமுவேல் வாக்கர் இந்தக் குறைகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல உயிரோடு இல்லை. கோல்ட் அனுப்பிய ஒரு ஜோடித் துப்பாக்கி அவர் கைக்கு வந்து சேர்ந்த சில நாட்களில், 1847 அக்டோபர் 9 அன்று, மெக்சிகோவின் ஹுவாமன்ட்லா ஊரில் அவர் கொல்லப்பட்டார். வயது முப்பதுதான்.

கோல்ட் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. முதலில் எல்லாக் கம்பெனியும் செய்வதைச் செய்தார்: 50 கிரெயினுக்கு மேல் போடாதீர்கள் என்று அறிவுரை. அறிவுரையை யார் கேட்பார்கள்? அறையில் இடம் இருக்கும்வரை கை கொட்டிக்கொண்டேதான் இருக்கும். எனவே 1848ல் வந்த அடுத்த மாடலான டிரகூனில் சிலிண்டரையே சுமார் கால் இன்ச் குட்டையாக்கினார். இப்போது உள்ளே போவது ஐந்து டோலோதான். நீங்க ஆசைப்பட்டாலும் ஆறாவது போகாது. நெம்புகோல் கொக்கியும் மாறியது. இரும்பு அதே இரும்பு. டோஸ்தான் குறைந்தது.

அதோடு நிற்கவில்லை. 1851ல் வந்த நேவி மாடல் .36 கேலிபர், ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும் எடை. மருந்து 20லிருந்து 25 கிரெயின். வாக்கரின் பாதிக்கும் குறைவு. இதை யாராவது பொம்மைன்னு ஒதுக்கினார்களா? அமெரிக்காவில் மட்டுமில்லை, லண்டனிலும் கோல்ட் தொழிற்சாலை போட்டு இதைத் தயாரித்தார். 1865 ஜூலை 21 அன்று மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்ச் சதுக்கத்தில் வைல்ட் பில் ஹிக்காக், டேவிஸ் டட் என்பவரை நேருக்கு நேர் நின்று சுட்டுக் கொன்றார். இடையில் சுமார் 75 கஜம். கிட்டத்தட்ட ஒரு ஃபுட்பால் மைதானத்தில் முக்கால்வாசி. வெஸ்டர்ன் படங்களில் வரும் அத்தனை நேருக்கு நேர் மோதலுக்கும் முன்மாதிரி இதுதான். ஹிக்காக் கையில் இருந்ததாகச் சொல்லப்படுவது நேவி மாடல். இரண்டரை டோலோ போதுமானதாக இருந்தது. எதற்கு ஒரு கடன் தகராறு இவ்வளவு தூரம் போகணும் என்பது வேறு எபிசோட்.

அளவு விஷயத்தில் இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. ஆரம்பத்தில் மருந்தைக் குப்பியிலிருந்து அளப்பார்கள். குப்பியின் மூக்குதான் அளவு. கவிழ்த்து, விரலால் அடைத்து, விசையை விட்டால் மூக்கு நிறைய வரும், இருமல் சிரப்பை மூடியில் அளக்கிற மாதிரி. பிறகு மருந்தையும் குண்டையும் சேர்த்து, தானே எரிந்துபோகும் மெல்லிய தாளில் சுற்றி ஆறு ஆறாகப் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். சூரணம் மாத்திரையான கதை. சிப்பாய் இனி அளக்கவே வேண்டாம். தொழிற்சாலை அளந்து கொடுக்கும். கோல்ட் துப்பாக்கிக்கு இவற்றைச் செய்து கொடுத்தவர்களில் ஒருவர் அகஸ்டஸ் ஹசார்டு. அவருடைய வெடிமருந்து ஆலை இருந்த ஊருக்கே ஹசார்டுவில் என்று பெயர். ஆங்கிலத்தில் அதை அப்படியே படித்தால் 'ஆபத்தூர்' என்று வரும்.

இந்த இடத்தில் நம் நாடு கதைக்குள் வருகிறது. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, அன்றைய உலகத்தில் அதன் பெரிய ஊற்று பீகார். நோனியா என்ற சமூகத்தினர் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய, குடியிருப்பை ஒட்டிய மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து, காய்ச்சி எடுப்பார்கள். பெயரிலேயே உப்பு இருக்கிறது, 'நோன்' என்றால் உப்பு. 1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்ததும் லிங்கன் அரசு, டூபான்ட் வெடிமருந்துக் குடும்பத்தின் லாம்மோ டூபான்ட்டை இங்கிலாந்துக்கு அனுப்பியது. கிடைக்கிற இந்திய வெடியுப்பையெல்லாம் வாங்கு என்று உத்தரவு. அவர் இரண்டாயிரம் டன்னுக்கு மேல் வளைத்துப் போட்டார். அதே நேரம் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று டிரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை நிறுத்தி, அதிலிருந்த தென்மாநிலத் தூதர்களைப் பிடித்துக்கொண்டு போக, பிரிட்டன் கொதித்து வெடியுப்பு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தூதர்களை விடுவித்த பிறகுதான் சரக்கு நகர்ந்தது. பாட்னா பக்கத்து மண்ணைக் காய்ச்சினவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியே இல்லை.

அந்தப் போரின் முக்கியமான கைத்துப்பாக்கி கோல்ட்டின் 1860 ஆர்மி. மறுபடி .44 கேலிபர், வாக்கரின் அதே குண்டு அகலம். ஆனால் எடை சுமார் 1.2 கிலோ. எப்படி முடிந்தது? இப்போது கோல்ட்டிடம் நல்ல எஃகு இருந்தது. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். 60 கிரெயினைத் தாங்கக்கூடிய உலோகம் ஒருவழியாகக் கைக்கு வந்தபோது, அதை யாரும் கேட்கவில்லை. இந்தத் துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் இருந்தது 30 கிரெயினை ஒட்டிய அளவு. மூன்று டோலோ. எஃகு தந்த வலிமையைப் பலத்துக்குச் செலவழிக்காமல், எடையைக் குறைக்கச் செலவழித்தார்கள். நாள் முழுக்க இடுப்பில் கட்டித் திரிகிற ஆளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் சரியான வரவு செலவு. இரண்டு லட்சம் துப்பாக்கிகள் தயாராயின. வாக்கர் மொத்தமே சுமார் 1,100.

இந்தக் கதை மியூசியத்தோடு முடியவில்லை. கோல்ட் வாக்கரின் நகல்களை இன்று இத்தாலியில் நவீன எஃகில் செய்கிறார்கள். 60 கிரெயின் போட்டாலும் சிலிண்டர் கிழியாது. நெம்புகோல் மட்டும் பாரம்பரியத்தை விடாமல் இன்றும் கீழே விழும். ஆனால் போட்டிகளில் காகித இலக்கைச் சுடுகிறவர்கள் .44 துப்பாக்கியில் பெரும்பாலும் பாதி அளவு கூடப் போடுவதில்லை. ஒவ்வொரு கிரெயினாக ஏற்றி இறக்கி, எந்த அளவில் குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுகின்றன என்று நோட்டு போட்டுக் குறித்து வைக்கிறார்கள். (நம்ம ஊர்ல இந்தப் பழைய வகைத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேணும். வீட்ல எதையும் முயற்சி பண்ணாதீங்க, என் கட்டைவிரல் சாட்சி.)

இதில் ஒரு சிக்கல். நீளமான அறையில் கொஞ்சம் மருந்து போட்டால் குண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து குழல் வாய்க்குத் தாவும்போது தடுமாறும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் விடவும் கூடாது. எனவே இடைவெளியை நிரப்ப எரியாத எதையாவது போட்டுக் குண்டை மேலே தூக்குகிறார்கள். என்ன போடுகிறார்கள்னு தேடிப் பார்த்தப்போ நான் சத்தமாவே சிரிச்சுட்டேன். கோதுமை ரவை.

துப்பாக்கிக் குண்டுக்கும் தமிழில் ரவை என்று பெயர் உண்டு இல்லையா? துப்பாக்கி ரவைக்கு அடியில் உப்புமா ரவை. அப்பாவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். கடையை மூடிப் பல வருஷம் ஆச்சு, ஆனா கேள்வி மட்டும் அதே கடைக்காரர் கேள்வி: "வறுத்ததா, வறுக்காததா?"

வறுக்காததுதான்பா. ஆனா நல்லா காய்ஞ்சிருக்கணும்.